காய்ச்சலோடு வருபவரைக் காட்டிக்கொடுக்கலாமா?

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. மருத்துவமனையோ நர்சிங் ஹோமோ, நோயாளி தங்கிச் சிகிச்சை பெறும் இடம் எதுவானாலும், அங்கே சேரும் வெளிநாட்டவரின் விவரங்களையும் அவருக்குத் துணையாகத் தங்குபவரின் விவரங்களையும் பதிவு அலுவலருக்குத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவ விசாவில் சென்னைக்கு வந்து மூட்டு மாற்றிக்கொண்டு போகிறவருக்கு இது பாஸ்போர்ட் நகலோடு முடிந்துபோகும் வேலை. பாஸ்போர்ட்டே இல்லாமல், உயிர் தப்பினால் போதும் என்று படகேறி வந்த இலங்கைத் தமிழருக்கு அப்படியல்ல. ஆஸ்பத்திரியில் படுத்தால் அதிகாரிக்குத் தகவல் போகும் என்று காதில் விழுந்தாலே போதும், அவர் காய்ச்சலை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்.

இதை ஆபத்து என்கிறோம். அகதிக்கு ஆபத்து, அவர் தண்ணீர் பிடிக்கும் குழாயில் தண்ணீர் பிடிக்கும் எல்லோருக்கும் ஆபத்து. இந்த எச்சரிக்கையைச் சென்னையோ டெல்லியோ சொல்லும்வரை காத்திராமல் காரைக்கால் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். பட்டறிந்த ஊர் இது.

2022 ஜூன் கடைசியில் காரைக்காலில் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. பரிசோதனையில் சிலருக்குக் காலரா என்று தெரிந்தது. ஜூலை 3-ஆம் தேதி புதுச்சேரி சுகாதாரத் துறை காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். 144 தடை உத்தரவு போட்டார்கள். ஓட்டல்களில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத்தான் தர வேண்டும் என்று கட்டளை போனது. பழைய குடிநீர்க் குழாய்களில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று பேசப்பட்டது. காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடுதான் என்பதால் எல்லைக்கு அப்பால் உள்ள மாவட்டங்களிலும் கண்காணிப்பை இறுக்க வேண்டியதாயிற்று. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். காலராக் கிருமி வாஞ்சூர் செக்போஸ்ட்டில் நின்று அனுமதி கேட்பதில்லை.

அந்த ஜூலையில் ஊரைக் காப்பாற்றியது எது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். டாக்டர்களும் நர்சுகளும் இராப்பகலாக நின்றார்கள், குளோரின் போட்டார்கள், குழாய்களைச் சோதித்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று நடந்தது: நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் பத்துப் பேர் வந்தால்தான் அந்தத் தெருக் குழாயைத் தோண்டிப் பார்க்கச் சொல்ல முடியும். மலத்தைச் சோதனைக்கு எடுத்தால்தான் காலரா என்று சொல்ல முடியும். காலரா தொற்றிய பலருக்கு அறிகுறியே தெரியாது, தெரிந்தாலும் லேசாகப் போய்விடும். ஆனால் அவர்கள் உடம்பிலிருந்து பத்து நாள் வரைகூடக் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். கடுமையாகத் தாக்கியவருக்கோ, உப்புச்சர்க்கரைக் கரைசலும் சலைனும் நேரத்துக்கு ஏறாவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அப்படிப்பட்ட நோயில் ஒரு வீடு ஆஸ்பத்திரிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டால், அந்தத் தெருவின் கணக்கே தப்பாகிவிடும்.

இப்போது கதவைச் சாத்திக்கொள்ளக் கூடியவர்கள் யார்?

காரைக்காலில் இலங்கைத் தமிழர் முகாம் இல்லை. இதையே காரணமாகக் காட்டி, இது தமிழ்நாட்டுப் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. முகாம் இல்லாத ஊரில் ஓர் அகதி இருந்தால் அவர் முகாமுக்கு வெளியே வாழ்பவர் என்றுதானே அர்த்தம்? வேலைக்காக வந்திருப்பார், கட்டிக்கொடுத்த இடமென்று வந்திருப்பார், சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பார். முகாமில் இருப்பவருக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் இல்லாதவர் அவர்தான். அதனால் முகாம் இல்லாத காரைக்காலுக்குத்தான் கவலை கூடுதலாக இருக்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் அவர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் பார்த்தது, இலங்கையைப் பார்க்கவில்லை. ஆகவே 1983 கலவரத்தில் தப்பி வந்த பாட்டியும் வெளிநாட்டவர்தான், இங்கேயே பிறந்து வளர்ந்து, இங்கேயே பிள்ளை பெற்ற பேத்தியும் வெளிநாட்டவர்தான். புதிய சட்டத்தோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்குத் தந்தது. அது நல்ல காரியம், மனதார வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்கள்? 2022-இல் இலங்கையில் அரிசிக்கும் மருந்துக்கும் பால்மாவுக்கும் திண்டாட்டம் வந்தபோது, மார்ச் மாதம் தொடங்கி தனுஷ்கோடி மணல்திட்டுகளில் குழந்தை குட்டியோடு இறங்கியவர்கள்? அவர்களுக்கு விலக்கு இல்லை. உரிய ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்ததற்குப் புதிய சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இப்படி ஒரு தண்டனை தலைக்கு மேலே இருக்கிற ஒருத்தியிடம், "பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே அட்மிட் பண்ணும்மா" என்று எந்த முகத்தோடு சொல்வோம்?

அதே 2022-இல் தமிழ்நாடு அரசு இலங்கை மக்களுக்காக 40,000 டன் அரிசியும், 500 டன் பால்மாவும், 28 கோடி ரூபாய் மதிப்புள்ள 137 வகை உயிர்காக்கும் மருந்துகளும் அனுப்பிவைத்தது. கடல் தாண்டி மருந்து அனுப்பிய நாடு, கடல் தாண்டி வந்த நோயாளியைப் படிவத்தில் பிடித்துப்போடுவது முறையா?

அகதிகள் நம் ஆஸ்பத்திரிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால், அச்சம் புதிதாக வந்ததில்லை என்பது தெரியும். தமிழ்நாட்டின் எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ச் சேர்க்கைக் கவுன்ட்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெயர், வயது, கணவர் பெயர் அல்லது அப்பா பெயர், ஊர், போன் நம்பர். பிறகு, "ஆதார் இருக்காம்மா? காப்பீட்டு அட்டை?" என்று தலை நிமிராமல் ஒரு கேள்வி. பின்னால் வரிசை நீளம் என்பதால் கேட்பவருக்கு அவசரம். நம்மூர்ப் பெண்மணி சேலைத் தலைப்பில் முடிந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டிவிடுவார். அகதிப் பெண் அந்த இடத்தில் தயங்குவார். "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டால் இன்னும் சிக்கல். வாய் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று இந்த ஊர்ப் பேச்சைப் பழகி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அட்டையை எடுத்து நீட்டியபின், "சிலோனா?" என்ற ஒற்றைச் சொல்லில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். வசை எதுவும் இருக்காது, பல சமயம் பரிவுகூட இருக்கும். ஆனாலும் அடுத்த முறை சின்னக் காய்ச்சலுக்கு அவர் அந்த வரிசைக்கு வர மாட்டார், மெடிக்கல் கடையில் நாலு மாத்திரை வாங்கிக்கொள்வார். வரும்போது நோய் முற்றித்தான் வருவார்.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. செய்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களை வருமான வரம்பு பார்க்காமல் சேர்த்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகாம் கர்ப்பிணிக்கும் ஊர்க் கர்ப்பிணிக்கும் ஒரே ஊசி, ஒரே இரும்புச் சத்து மாத்திரை. 1984-இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பெண்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பழக்கியது. எடை குறைந்த குழந்தை எந்த வீட்டில், சோகை பிடித்த கர்ப்பிணி எந்த வீட்டில் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். 2021 ஆகஸ்ட் 27-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நலத்திட்டங்களை அறிவித்தார். அதை ஒட்டி முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் பெற்றன. பணக்கொடையும் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என உயர்ந்தது. இந்திய மாநிலங்களில் வேறெதுவும் அகதிகளுக்கு இவ்வளவு செய்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இத்தனையும் முகாம் வாசலோடு நின்றுவிடுகிறது. அன்றைக்குச் சட்டமன்றத்தில் வைத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். 2021-இல் 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல் வெளியே. காப்பீட்டு விதியில் 'முகாம்களில் வசிக்கும்' என்ற இரண்டு சொல் இருக்கிறது. அந்த இரண்டு சொல்லால் இத்தனை ஆயிரம் பேர் வெளியே நிற்கிறார்கள். ரேஷன் அட்டை இல்லாதவருக்கு வருமானச் சான்று வாங்கி உள்ளே நுழையும் வழியும் அடைபட்டிருக்கிறது.

வெளியே இருப்பவர்களை அரசால் எட்ட முடியாது என்ற பேச்சு எடுபடாது. கொரோனா இரண்டாம் அலையில், 2021 ஜூனில், முகாமுக்கு வெளியே வாழும் 13,553 குடும்பங்களுக்குத் தலா 4,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க இதே அரசு ஆணையிட்டது. பட்டியல் இருக்கிறது, முகவரி இருக்கிறது. 4,000 ரூபாய் போய்ச் சேர்ந்த வாசலுக்குக் காப்பீட்டு அட்டை போகாதா?

காரைக்கால் போன்ற எல்லை ஊரில் இந்தச் சிக்கல் இரட்டிக்கிறது. நம் டெல்டாவில் ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கு எல்லை கிடையாது. காரைக்கால் மருத்துவமனைக்கு நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துச் சனம் வருகிறது; பெரிய வியாதி என்றால் காரைக்கால்காரர் திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார். 2022 ஜனவரியில் ஒரத்தூரில் நாகை மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2016-இல் மாணவர் சேர்க்கை தொடங்கிய ஜிப்மர் கிளை காரைக்காலில் இருக்கிறது. நோயாளிக்கு எது பக்கமோ, எந்த பஸ் முதலில் வருகிறதோ, அதுதான் அவர் ஆஸ்பத்திரி. ஆனால் அட்டைக்கு எல்லை உண்டு. அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் காப்பீடு, இந்தப் பக்கம் புதுச்சேரியின் ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் அட்டை, மற்றவர்களுக்கான மஞ்சள் ரேஷன் அட்டை. சிவப்பும் இல்லாத, மஞ்சளும் இல்லாத அகதிக்கு இரண்டு பக்கமும் விதிவிலக்காக யாராவது இரங்கினால்தான் உண்டு. இரக்கம் பெரும்பாலும் கிடைக்கிறது, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் பணியில் இருக்கும் டாக்டரின் மனசைப் பொறுத்துச் சிகிச்சை அமைவதை உரிமை என்று சொல்ல முடியாது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம், ஈழத்தவர் வழக்கமும் அதுதான். காரைக்கால் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஓர் அகதிப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஏழு மாதம்வரை இங்குள்ள சுகாதார நிலையத்தில் எடை, ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்திருப்பார். வளைகாப்பு முடிந்து தாய் இருக்கும் முகாமுக்குப் போக வேண்டும், அது வேறு மாநிலம். கல்யாணம் ஆகிப் போனவள் முகாமில் வந்து மாதக்கணக்கில் தங்க அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவத்துக்கும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் கேட்பார்கள். இங்கே பார்த்த பதிவு அங்கே ஏறியிருக்காது. நிறைமாத வயிற்றோடு இரண்டு மாநிலத்துக் கவுன்ட்டர்களுக்கும் அலைய வேண்டும். அந்தப் பிறப்புச் சான்றிதழ் மற்றவர்களுக்குப் பள்ளியில் சேர்க்க ஒரு தாள். நாடற்ற குடும்பத்துக் குழந்தைக்கு, எங்கே எப்போது பிறந்தது என்று உலகத்துக்குக் காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. இப்போது இதோடு, உள்நோயாளியாகச் சேர்ந்த வெளிநாட்டவர் என்று ஒரு தகவலும் போகும். துணைக்குப் படுத்திருக்கும் தாயைப் பற்றியும் போகும். துணைக்கு ஆள் வராத பிரசவ வார்டை நாம் கற்பனை செய்ய விரும்பவில்லை.

ஆண்கள் கதை வேறு. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காத முகாம் இளைஞர்களில் பலருக்குப் பெயிண்டிங்தான் பிழைப்பு. சாரத்தில் நின்று, தின்னர் வாடையில், பாதுகாப்புக் கயிறு இல்லாமல் செய்யும் வேலை. விழுந்தால் முதுகெலும்பு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் எத்தனை நாள் ஆகும், எந்த மாவட்டத்தில் படுத்திருக்கிறோம், முகாமில் தலை எண்ணும் நாளில் ஆள் இல்லாவிட்டால் பணக்கொடை நிற்குமா என்ற கணக்கெல்லாம் அந்த வலியிலும் ஓடும். மேஸ்திரி கொடுத்த ஆயிரம் ரூபாயோடு புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறவர்களை யார் குறை சொல்ல முடியும்? இனி மருத்துவமனையில் படுத்தாலே தகவல் என்றால், கட்டுக் கட்டுகிறவரிடம்தான் கூட்டம் கூடும்.

அகதிகளின் முதல் அலையில் இருபது வயதில் வந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரும் வயது. மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டிய நோய்களுக்கு, அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளிக்கும் என்று அமைந்த காப்பீடு பெரிதாக உதவாது. வேண்டியது பக்கத்து சுகாதார நிலையத்தில் கேள்வி கேட்காமல் தரும் மாத்திரை. மனநோய் பற்றி எழுதத் தொடங்கினால் தனித் தலையங்கம் வேண்டும்: ஷெல் விழுந்த இரவுகளையும் முள்ளிவாய்க்காலையும் சுமந்துகொண்டு தூங்காமல் கிடப்பவர்கள், தகரக் கொட்டகையில் குடிக்குப் பலியான குடும்பங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமை ஒவ்வொரு நபருக்கும் உண்டு என்கிறது. குடிமகன் என்று எழுதவில்லை, நபர் என்றே எழுதியிருக்கிறது. அரசமைப்பின் 21-ஆம் பிரிவும் அப்படித்தான். 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடிமகன் ஆனாலும் அயலான் ஆனாலும் உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மேற்கு வங்க விவசாயத் தொழிலாளி ஒருவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், அரசு மருத்துவமனை அவசர சிகிச்சை தராமல் போவது 21-ஆம் பிரிவை மீறுவது என்றது. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரிக்கையில், உலகெங்கும் உள்ள அகதிகளுக்கு இடம் கொடுக்க இந்தியா தர்மசாலை அல்ல என்று ஒரு நீதிபதி சொன்னபோது நமக்கு வருத்தமாக இருந்தது. யார் இந்த நாட்டில் குடியிருக்கலாம் என்பதை நீதிமன்றமும் அரசும் முடிவு செய்யட்டும். குடியிருக்கும் நாள்வரை அவர் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு 1996-லேயே பதில் சொல்லியாயிற்று.

இந்தப் பாதையில் முன்னால் போனவர்கள் என்ன கண்டார்கள்? பிரிட்டனில் 2017 ஜனவரியில் தேசிய சுகாதார சேவை நோயாளிகளின் முகவரி முதலிய விவரங்களைக் குடியேற்றத் துறைக்குத் தர ஓர் ஒப்பந்தம் வந்தது. டாக்டர்களே எதிர்த்தார்கள், நாடாளுமன்றக் குழு எதிர்த்தது. நோயாளிகள் பயந்து வராமல் போவார்கள், தொற்றுநோய் பரவும் என்றார்கள். 2018 மே மாதம் அதைப் பெருமளவு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. கனடாவில், 'சன் சீ' கப்பலில் 492 தமிழர்கள் வந்து இறங்கி இரண்டு ஆண்டுக்குள், 2012-இல், அகதிகளுக்கான இடைக்கால மருத்துவத் திட்டத்தை அரசு வெட்டியது. கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் மருந்தில்லாமல் நின்றார்கள். டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த வெட்டு கொடூரமான, வழக்கத்துக்கு மாறான நடத்தை என்று 2014 ஜூலையில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2016 ஏப்ரலில் திட்டம் முழுமையாகத் திரும்பியது. அந்த வழக்கில் அகதிகளுக்காக முன்னால் நின்றவர்கள் கனடாவின் டாக்டர்கள் என்பதை நம்மூர் மருத்துவச் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

காரைக்காலுக்கு நெருக்கமான நாடு பிரான்சு. இந்த ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் உண்டு, பாரீஸில் பிள்ளைகள் உள்ள வீடுகள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய் லா ஷப்பேல் கடைத்தெருவில் வேலை செய்யும் தமிழரை அவர்களுக்குத் தெரியும். எந்தத் தாளும் இல்லாமல் அங்கே தங்கியிருக்கும் ஏழைக்குக்கூட, மூன்று மாதம் கழிந்தால் அரசு மருத்துவ உதவி கிடைக்கும். 2000-இலிருந்து நடக்கும் திட்டம் அது. அங்கேயும் அதை வெட்ட வேண்டும் என்று அரசியல் கூச்சல் இருக்கிறது. ஆனாலும் இதுவரை நிற்கிறது. தாய்லாந்து பணக்கார நாடு இல்லை; பர்மாவிலிருந்து ஆவணமில்லாமல் வந்த தொழிலாளிகூடக் கட்டணம் கட்டி மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது.

நம் மக்களுக்கே மாத்திரை போதவில்லை, இதில் அகதிக்கு வேறா என்று கேட்பவர்கள் நேர்மையாகவே கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள தமிழ்நாட்டில் முகாமுக்கு உள்ளும் வெளியுமாக அவர்கள் ஒரு லட்சம்கூட இல்லை. மாத்திரைப் பற்றாக்குறைக்கு அவர்கள் காரணமாக முடியாது. ஆரம்பத்திலேயே ரத்தக்கொதிப்பைக் கட்டுப்படுத்தினால் ஆகும் செலவையும், சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வந்தால் ஆகும் செலவையும் எந்த மருத்துவ அலுவலரிடமும் கேட்டுப் பாருங்கள். பாதுகாப்புக் காரணம் சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. வெட்டு, குத்து, விபத்து, விஷம் என்று வந்தால் மருத்துவமனை இன்றைக்கும் போலீசுக்குத் தகவல் தருகிறது, அது தொடரட்டும். பதிவு பெற்ற அகதிகளின் முழு விவரமும் வருவாய்த் துறையிடமும் போலீசின் க்யூ பிராஞ்சிடமும் ஏற்கெனவே இருக்கிறது. டெங்குவோடு படுத்திருப்பவரின் பெயரை மறுபடி எழுதி அனுப்புவதால் நாட்டின் பாதுகாப்பு எந்த வகையில் கூடும்?

2025 ஜனவரி 28-ஆம் தேதி விடியற்காலை நெடுந்தீவுக்குப் பக்கத்தில் காரைக்கால் படகு ஒன்றின் மேல் இலங்கைக் கடற்படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பதின்மூன்று மீனவர்களைப் பிடித்தார்கள். இரண்டு பேருக்குப் பலத்த காயம். இந்திய அரசு கண்டித்தது, நாமும் கண்டித்தோம், இன்றும் கண்டிக்கிறோம். காயம்பட்ட நம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோனார்கள்? யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு. எல்லை தாண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள், அந்த நாட்டின் எந்த அட்டையும் இல்லாதவர்கள், எந்த வரியும் கட்டாதவர்கள். அங்கே அவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. இந்த ஊர்க் குடும்பங்கள் அந்த வாரம் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, அங்கே உள்ள டாக்டர் நம் பிள்ளையை நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கும். அதே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் நம் வார்டில் படுத்திருக்கும்போது அதையே அவருக்குச் செய்யச் சொல்கிறோம்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. புதிய சட்டமே விலக்குத் தரும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்திருக்கிறது; அதைக் கொண்டுதான் 2015 ஜனவரி 9 என்ற தேதி வந்தது. அதே அதிகாரத்தில் இன்னொரு ஆணை போட்டு, இலங்கைத் தமிழர்கள் எந்தத் தேதியில் வந்திருந்தாலும் மருத்துவமனைத் தகவல் கடமையிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டும். கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஆண்டுக்கணக்காக வாழும் ரோஹிங்கியாக் குடும்பங்களுக்கும் அது பொருந்த வேண்டும்; அவர்களுக்குக் கைகொடுக்க மொழியும் இல்லை, உறவும் இல்லை. தமிழ்நாடு அரசு காப்பீட்டு விதியிலிருந்து அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட வேண்டும். புதுச்சேரி தேர்தல் மேடைகளில் ஈழத்தைப் பற்றி உருகும் கட்சிகள், சட்டமன்றத்தில் ஒருமுறையாவது இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.

டெல்லியிலிருந்து ஆணை வரும்வரை காரைக்கால் கைகட்டி நிற்கத் தேவையில்லை. மேலே சொன்ன கடமை உள்நோயாளியைப் பற்றியது. புறநோயாளிப் பிரிவிலும், அவசரப் பிரிவிலும், தடுப்பூசி முகாமிலும், காசநோய் மருந்து தரும் இடத்திலும் யாரையும் எந்த நாடு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்கக் கூடாது என்று புதுச்சேரி சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். தமிழ்நாட்டு வருவாய்த் துறை கொடுத்த அகதி அடையாள அட்டையைச் சிவப்பு ரேஷன் அட்டைக்குச் சமமாக ஏற்று இலவச சிகிச்சை தரலாம் என்பதையும் அதில் சேர்க்கலாம். காரைக்கால் கர்ப்பிணி நாகையிலோ திருவாரூரிலோ பிரசவித்தால் பதிவை யார் யாருக்கு மாற்றித் தருவது என்று இரு பக்கத்துச் சுகாதாரத் துணை இயக்குநர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசி முடிக்கலாம். வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் தண்ணீரைத் தேக்கும் மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். அதற்குள் அந்தச் சுற்றறிக்கை ஒவ்வொரு சேர்க்கைக் கவுன்ட்டருக்கும் வந்து சேர வேண்டும்.